பல கணினிகளும் ஒரு முடிபும்

வங்கியொன்றின் கணக்கேட்டை ஒரே கணினியில் வைத்தால், அது பழுதுற்றவுடன் வங்கிப் பணியும் நின்றுவிடும். ஆதலின் ஒரே ஏட்டை ஐந்து கணினிகளிற் படியெடுத்து வைத்தல் வழக்கம். ஆயின், அவற்றை இணைக்கும் வழி அறுந்து, ஒருபுறம் இரண்டும் மறுபுறம் மூன்றுமாகப் பிரிந்தால் யாது நிகழும்? 1000 ரூபா உள்ள கணக்கிலிருந்து இருபுறத்தும் 700 ரூபா வீதம் எடுக்கலாம். இல்லாத 400 ரூபா வழங்கப்பட்டுவிடும்.

இவ்விடரைத் தீர்க்கும் விதி எளியது. பாதிக்கு மேற்பட்ட கணினிகள் எழுதிக்கொண்டாலன்றி எப்பதிவும் உறுதியாகாது. இரண்டே கணினிகள் உள்ள புறம் மூன்றைத் திரட்டமாட்டாமையின், ஆங்குப் பணம் வழங்கப்படாது. மேலும், ஐந்திலிருந்து மும்மூன்றாக எவ்விரு குழுக்களைத் தெரிந்தாலும், ஒரு கணினியேனும் இரண்டிலும் இருந்தே தீரும். அப்பொதுக் கணினி முன்னை முடிபைத் தன் ஏட்டிற் கொண்டிருத்தலின், அம்முடிபில்லாத கணினி தலைமை வேண்டி வருமிடத்து அதற்கு வாக்களியாது. இங்ஙனம் பழைய முடிபு அழியாது காக்கப்படும். மூன்று கணினிகள் பழுதுற்றால் தொகுதி முழுவதும் வாளாவிருக்கும். பிழையான விடை பகர்தலினும் அது நன்று.

இக்கருத்தின்மேல் எழுந்த பாக்சோஸ் என்னும் நெறிமுறையை லெஸ்லி லாம்போட் 1998ஆம் ஆண்டு வெளியிட்டார். கிரேக்கத் தீவொன்றின் கற்பனைச் சட்டசபை பற்றிய கதையாக அதனை அமைத்தமையாற் பலர் விளங்காது இடர்ப்பட்டனர். 2001இல் அவரே அதனை எளிமையாக்கி மீண்டும் எழுதினார். பின்னர் 2014இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஒங்காரோவும் ஊஸ்டர்ஹவுட்டும் ராஃப்ட் என்னும் நெறிமுறையை வெளியிட்டனர். கற்போர்க்கு விளங்குதலையே அவர்கள் தலையாய நோக்கமாகக் கொண்டனர். தலைமையைத் தெரிதல், பதிவைப் பரப்புதல், முரணின்றிக் காத்தல் எனப் பொருளை மூன்றாக வகுத்தனர். இரண்டையும் கற்ற 43 மாணவரைச் சோதித்தபோது, 33 பேர் ராஃப்டிலேயே கூடிய புள்ளி பெற்றனர்.

கற்பிக்கும் நாம் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். விளங்காத நெறிமுறையைப் பிழையின்றி அமைத்தல் அரிது. அப்பிழையின் பயன் பிறர் பணத்தின்மேல் வீழும். ஆதலின் தெளிவு என்பது நடையழகன்று, காப்பேயாம்.

மாணவர்காள்! ஐந்து தாள்களை மேசைமீது பரப்பி, ஒவ்வொன்றையும் ஒரு கணினியாகக் கொண்டு இவ்விதியை நடத்திப் பாருங்கள். பின்னர் நான்கு தாள்களைக் கொண்டு முயலுங்கள். நான்கிற்குப் பெரும்பான்மை மூன்று. ஆதலின் ஒன்றன் பழுதையே அது தாங்கும். மூன்று கணினிகளும் அவ்வளவே தாங்குமாயின், நான்காவதாற் பெற்ற பயன் யாது? இவ்வினாவிற்குத் தாமே விடை கண்டவர், இக்கலையின் வாயிலைக் கடந்தவராவர்.