பிரஷர் மாத்திரை உடலில் என்ன செய்கிறது?



நமது டிரஸ்டில் மருந்து உதவி பெறுவோர் அடிக்கடி கேட்பது: "பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" இதற்குப் பதில் மாத்திரை வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. பலரும் சாப்பிடும் அம்லோடிபினை எடுத்துக்கொள்வோம்.

இதயம் தள்ளும் ரத்தம் குழாயின் சுவரை அழுத்துவதே பிரஷர். அந்தச் சுவரில் தசை உண்டு. தசைக்குள் கால்சியம் நுழைந்தால் அது இறுகும், குழாய் குறுகும், தண்ணீர் ஓடும் டியூபைப் பிடித்து நெரித்தது போல அழுத்தம் ஏறும். அம்லோடிபின் கால்சியம் நுழையும் வாசல்களை அடைக்கிறது. தசை தளர்ந்து, குழாய் விரிந்து, அழுத்தம் இறங்குகிறது. எலும்பிலுள்ள கால்சியத்தை இது குறைக்காது. அந்தப் பயம் வேண்டாம்.

மருந்து உடலில் இருக்கும் வரைதான் இந்தத் தளர்ச்சி. நார்மல் என்று மெஷின் காட்டுவது மாத்திரை வேலை செய்வதைத்தான்; நோய் போய்விட்டதை அல்ல. உள்ளே போன மருந்தில் பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே, நிறுத்திய ஓரிரு நாள் வித்தியாசம் தெரியாது. "மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்று தோன்றும். பிறகு அழுத்தம் சத்தமில்லாமல் பழைய நிலைக்கு ஏறும். பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் பலருக்கு உண்மை தெரிகிறது.

புதிதாகத் தொடங்கியவர்களுக்கும் முழுப் பலன் கிடைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

சிலருக்குக் கணுக்கால் வீங்கும். விரிந்த நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் இது வரலாம். வேறு காரணங்களும் உண்டு என்பதால் டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ அவர் வேலை. ஒரு வேளை தவறினால், அடுத்த வேளை இரண்டாகச் சாப்பிடக் கூடாது.

நாளுக்கு ஒரு வேளை மாத்திரை என்பதால், ரமளானில் இதை ஸஹரிலோ நோன்பு திறந்த பின்போ வைத்துக்கொள்ள முடியும். எந்த நேரம் என்பதை ஷஃபானிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர் மாத்திரை இலவசம். 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். பணமில்லாமல் மாத்திரையை நிறுத்தியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், கூச்சப்படாமல் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்