புதிய கட்டடமும் மழைநீரும்: வகுப்பறைச் செயல்பாடு

சென்னை தியாகராய நகர், 1920களில் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. அன்று ஏரியில் தேங்கிய மழைநீர் இன்று சாலையில் ஓடி, மாம்பலம் கால்வாய் வழியே அடையாற்றில் கலக்கிறது. புதிய கட்டடங்கள் இந்த ஓட்டத்தைக் கூட்டுகின்றன. எவ்வளவு என்பதை மாணவர்களையே கணக்கிடச் செய்யலாம்.

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். எனில், 200 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மி.மீ. மழைக்கு 10,000 லிட்டர். இந்நீரை நிலத்தில் இறக்கவே, கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003இல் கட்டாயமாக்கியது.

கட்டுமான இடத்திலிருந்து வழியும் நீரில் மணலும் சிமென்ட்டும் கலந்திருக்கும். அப்படியே விட்டால் வடிகால் அடைபடும். மண் கலந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் அசையாமல் வைத்து, தெளிவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். நீரை வெளியே விடுமுன் தொட்டியில் தேக்கித் தெளியவைப்பது ஏன் என்பது விளங்கும்.

மதிப்பீடு: நம் பள்ளி மாடியில் பெய்யும் மழைநீர் எங்கே செல்கிறது? வரைந்து காட்டுக.