விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச் மாதத்தில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் அவை மீண்டும் திறக்கப்பட்டன. இடையே கழிந்தவை ஏறத்தாழ 19 மாதங்கள்.

இதன் பொருளை நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம். மூடியபோது ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்த குழந்தை, திறந்தபோது மூன்றாம் வகுப்பில் அமர்ந்தது. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தையோ, இரண்டாம் வகுப்பில்தான் முதன்முதலாக வகுப்பறையைக் கண்டது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் பாடம் சொன்னது உண்மையே. ஆயினும் கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே முகக்கவசம், இடைவெளி, கை கழுவுதல் ஆகியவற்றை மட்டும் திட்டமிட்டால் போதாது என்பது புலனாயிற்று. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட, எதுவரை அறிந்திருக்கிறது என்பதே திட்டத்தின் தொடக்கமாதல் வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குடியிருப்புகளுக்கே சென்று கற்பித்தனர். 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமோ, மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பாடங்களை வகுத்தது.

இப்பாடம் நமக்கு என்றும் பொருந்தும். பெற்றோரே, மெல்ல வாசிக்கும் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். மாணவியரே, நோயினால் பல நாள் வராதிருந்து திரும்பும் தோழியிடம், “இதுகூடத் தெரியாதா?” என்று நாம் கேளாதிருப்போம். அவள் விட்ட இடம் எதுவென்று கேட்டு, அங்கிருந்து சொல்லிக் கொடுப்போம்.