கத்திக்கு முன் ஊசி

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில், ஸ்கேனில் மார்புக் கட்டி தெரிந்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் அந்தப் பெண் முடிவு செய்வதில்லை. மாமியார் ஒன்று சொல்வார். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் மகன் செல்போனில் பார்த்து வேறொன்று சொல்வான். நாத்தனார் ஊரில் யாருக்கோ நடந்ததை வைத்து வீடே ஒரு முடிவுக்கு வரும். நடவு முடியட்டும், பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது ஒரு வகை. பயந்துபோய், கட்டியை இந்த வாரமே எடுத்துவிடலாம் என்று பக்கத்து நர்சிங் ஹோமில் படுத்துவிடுவது இன்னொரு வகை. முன்னது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். கண்டிக்கவும் ஆள் இருக்கிறது. 2022-ல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது, 98 ஆயிரம் பேர் அதில் இறந்தார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. தள்ளிப்போடுவதைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பின்னதைத்தான் ஊர் துணிச்சல் என்று மெச்சுகிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டின் முடிவுப் பகுதியில் ‘பைராட்ஸ்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். முடிவு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1, 2 என்றால் கவலையில்லை. 0 என்றால் இன்னும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பதே வழக்கம். அந்த ஆறாவது மாதம் கட்டாயம் வர முடியும் என்ற உறுதி இல்லாதவர்களும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தவர்களும் 3-லேயே பையாப்சி, அதாவது சதை எடுத்துப் பரிசோதிப்பது, பற்றி மருத்துவரிடம் பேசிவிடலாம். 4 என்பது அகலமான வகை. 4ஏ என்றால் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 10, 4பி என்றால் 10 முதல் 50, 4சி என்றால் 50 முதல் 95 வரை. 5 என்றால் 95-க்கும் மேல். 4, 5 வந்தபின் பையாப்சி செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்க ஒன்றுமில்லை, செய்தாக வேண்டும். அதற்குப் பதிலாக எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் என்று பெரிய பெரிய படங்களாக எடுத்துக்கொண்டே போவது பணமுள்ளவர்களிடம் பரவியிருக்கும் மோகம். எவ்வளவு விலையுள்ள படமும் நிழலைத்தான் காட்டும். நோயின் பெயரைச் சொல்வது நுண்ணோக்கியின் கீழ் வைத்த சதைத் துணுக்கு மட்டுமே.

சதை எடுக்க மூன்று வழிகள் உண்டு. எஃப்என்ஏசி என்பது மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சிப் பார்ப்பது. சீக்கிரம் முடியும், செலவு குறைவு. ஆனால் நோய் பால்குழாய்க்குள்ளேயே இருக்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்று அது சொல்லாது. அடுத்தது கோர் பையாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் ஒரு சின்னக் கீறல் போட்டு, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே தடித்த ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல ‘டக்’கென்று சத்தம் கேட்கும், பலரும் திடுக்கிடுவது அந்தச் சத்தத்துக்குத்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் சேமியா இழை அளவுக்கு ஒரு துணுக்கு வரும். நான்கைந்து துணுக்குகளை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, பெயர் ஒட்டி அனுப்புவார்கள். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து ஒரு பிளாஸ்திரி போட்டால் அன்றே வீட்டுக்குப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வழி, ஆபரேஷன் செய்து கட்டியை மொத்தமாக எடுத்துப் பரிசோதிப்பது.

இந்த மூன்றாவதற்குத்தான் நம் ஊரில் தகுதிக்கு மீறிய மரியாதை. “எடுத்துட்டா தொல்லை விட்டுது” என்ற சொல்லில் இருக்கும் ஆறுதல் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையை அந்தப் பெண்தான் கொடுக்கிறாள். கட்டி புற்றுநோய் என்று தெரியாமல் எடுக்கும்போது, சுற்றிலும் எவ்வளவு நல்ல சதையைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற கணக்கு இருக்காது. ஓரத்தில் நோய் தங்கிவிடலாம். அக்குள் நெறிகட்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள். சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, மார்பையே காப்பாற்றியிருக்க முடியும். மருந்து கேட்கிறதா என்று கட்டியின் அளவை வைத்தே பார்த்திருக்க முடியும். கட்டியை எடுத்த பிறகு எதை வைத்துப் பார்ப்பது? இதைவிடக் கொடுமை, எடுத்த சதை ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போகாதது. ஃபார்மலினுக்குப் பதில் சலைன் பாட்டிலில் ஊறிய சதை கெட்டுப்போகும். எந்த ஹார்மோன் மாத்திரை, எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் இஆர், பிஆர், ஹெர்-2 சோதனைகளை அதில் நம்பிச் செய்ய முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் “பிளாக், ஸ்லைடு இருக்கா?” என்று, பதப்படுத்திய அந்தச் சதையைக் கேட்கும்போது கையில் தையல் தழும்பும் டிஸ்சார்ஜ் சீட்டும் மட்டும் இருப்பது பெரிய இழப்பு.

புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் இந்த அவசரம் நல்லதில்லை. இளம் தாய்மார்களுக்கு வரும் ஒருவகை நாள்பட்ட மார்பு அழற்சியும், மார்பில் வரும் காசநோயும் ஸ்கேனில் அப்படியே புற்றுநோய் போலத் தெரியும். காசநோய் மாத்திரையில் தீரும். அந்த அழற்சிக்கும் பலருக்குக் கத்தி தேவைப்படாது. இவற்றை வெட்டினால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் சீழ் வடிவதுண்டு. சின்ன வயதுப் பெண்களின் ஃபைப்ரோஅடினோமா கட்டிகளில் பெரும்பாலானவற்றை எடுக்கவே வேண்டியதில்லை. ஊசி முதலில் பேசியிருந்தால் இவர்கள் ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஊசியே முதலில் என்றால் மூன்று மறுப்புகள் வரும். “ஊசி குத்தினா பரவிடும்” என்பது முதல் மறுப்பு. ஊசி போன வழியில் சில செல்கள் இடம் பெயர்வது உண்மைதான். அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. எஞ்சுவதைப் பின்னால் வரும் ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் பார்த்துக்கொள்கின்றன. பல பத்தாண்டுகளாக உலகம் முழுவதும் ஊசியைத்தான் முதலில் வைக்கிறார்கள்; அதனால் ஆயுள் குறைந்ததாகச் சான்று இல்லை. ஊசிக்குப் பயந்து அதைவிடப் பல மடங்கு திசுவை அறுக்கும் கத்திக்குத் தலை நீட்டுவதில் நியாயமும் இல்லை. இரண்டாவது மறுப்பு ஏழைகளுடையது, மதிக்க வேண்டியது: இரண்டு தடவை போனால் இரண்டு தடவை கூலி போகும், ஒரே வேலையாக முடித்துவிடலாமே? நடப்பது இதற்கு நேர்மாறு. நல்ல கட்டி என்றால் ஊசியோடு பல நேரம் முடிந்துவிடும்; கெட்ட கட்டி என்றால் அவசரத்தில் எடுத்தவர்கள்தான் இரண்டாவது ஆபரேஷனுக்குப் போகிறார்கள். ஊசி தவறவிடுமே என்பது மூன்றாவது. தவறவிடலாம். அதனால்தான் ஸ்கேன் 5 என்று சொல்லி ஊசி ‘நல்ல கட்டி’ என்று சொன்னால், இரண்டையும் வைத்துப் பார்த்து மறுபடி சதை எடுக்கிறார்கள். ஊசி எட்டாத இடம், ஊசியில் தெளிவில்லாத முடிவு போன்றவற்றுக்கு ஆபரேஷன் பையாப்சி சரியான வழிதான். அங்கேயும் அது யோசித்து எடுத்த இரண்டாம் அடி.

என்னைக் கேட்டால், ஸ்கேன் எடுப்பவரும் சதையைப் பார்ப்பவரும் ஆபரேஷன் செய்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடமே மேல். உத்திரமேரூர்க்காரர்களுக்கு அது தூரத்தில் இல்லை. காஞ்சிபுரம் போனால் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1969-ல் புற்றுநோயால் மறைந்த அந்த மண்ணின் மகனுக்கான நினைவிடமும் அதுதான் என்பேன். இன்னும் போனால் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய, 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அந்த நாட்களில் நோய் ஓடிவிடாது, பொறுக்கலாம். அடுத்த தெருவில் ஒருத்திக்கு எது ஒத்துவந்ததோ அது உங்களுக்கும் ஒத்துவரும் என்று நினைக்காதீர்கள். அவளுடைய ரிப்போர்ட் வேறு, உங்களுடையது வேறு.

அம்மாவையோ மனைவியையோ அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. மார்புக் கட்டி ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டால், ஊசி பையாப்சி ரிசல்ட் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். தெளிவான பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.