எக்செல் ஆட்-இன்: போன வருஷ ஸ்லாப் உங்க சிஸ்டத்துல இன்னும் உட்கார்ந்திருக்கா?

வருஷ சம்பளம் 12,75,000 ரூபாய், புது வரி முறை. நிலையான கழிவு 75,000 போனா வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சம். 2024-25 நிதியாண்டு ஸ்லாப்படி செஸ் சேர்த்து வரி 83,200 ரூபாய். 2025-26 ஸ்லாப்படி பூஜ்யம். கணக்குல வர்ற 60,000 முழுக்க 87ஏ தள்ளுபடியில போயிடும். இந்த ரெண்டு பதிலையும் ஒரே எக்செல், ஒரே பேர் உள்ள ஃபங்ஷனுக்குக் கொடுக்க முடியும். பழைய ஆட்-இன்னை ஒழுங்கா நீக்காம புதுசைப் போட்டா போதும்.

சோழவரத்துல இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் அக்கவுண்ட்ஸ், பேரோல் சீட்ல இருக்கிற இளைஞர்கள் பலர் இப்போ சொந்தமா விபிஏ எழுதுறாங்க. வரிக் கணக்கு, பிஎஃப், தொகையை லட்சம்-கோடின்னு எழுத்துல மாத்துற ஃபங்ஷன். (தாய்லாந்து பாத் கரன்சியை எழுத்துல மாத்த எக்செல்லே ஒரு ஃபங்ஷன் வச்சிருக்கு. நம்ம ரூபாய்க்கு இல்லை!) எழுதுறதை யூடியூப் பார்த்துக் கத்துக்கலாம். கழட்டுறதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்லை.

முதல்ல பதிவு பண்றது. கோடு எழுதின ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம்-ஆவே வச்சுக்கோங்க. அதுதான் உங்க ஒரிஜினல். அதுல இருந்து சேவ் ஆஸ் கொடுத்து எக்ஸ்எல்ஏஎம் எடுங்க. அப்புறம் ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், கீழே எக்செல் ஆட்-இன்ஸ் பக்கத்துல இருக்கிற கோ பட்டன், பிரவுஸ், டிக். ஓடிக்கிட்டிருக்கிற ஆட்-இன்லயே கோடு திருத்தாதீங்க. மூடும்போது ஆட்-இன்னுக்கு மட்டும் "சேவ் பண்ணட்டுமா"ன்னு எக்செல் கேட்காது. ரெண்டு மணி நேர வேலை சத்தமில்லாமப் போயிடும்.

நெட்வொர்க் டிரைவ்ல இருந்து பிரவுஸ் பண்ணா, "உங்க ஆட்-இன்ஸ் ஃபோல்டருக்கு ஒரு காப்பி எடுக்கட்டுமா"ன்னு கேட்கும். யோசிக்காம யெஸ் கொடுத்துடுவோம். அதுக்கப்புறம் சர்வர்ல புது ஸ்லாப் போட்டாலும் உங்க லேப்டாப் பழைய காப்பியைத்தான் ஓட்டும். பக்கத்து சீட்ல வரி பூஜ்யம், உங்க சீட்ல 83,200 வந்தா முதல்ல இதைப் பாருங்க.

இப்போ நீக்குறது. இதுல வரிசை முக்கியம். முதல்ல அதே பெட்டியில டிக்கை எடுங்க. எக்செல்லை முழுசா மூடுங்க. அப்புறம்தான் ஃபைலை வேற ஃபோல்டருக்கு நகர்த்தணும். மறுபடி திறந்து பாருங்க. லிஸ்ட்ல பேர் இன்னும் இருந்தா அதை டிக் பண்ணுங்க. ஃபைல் கிடைக்கலை, லிஸ்ட்ல இருந்து எடுக்கட்டுமான்னு கேட்கும், யெஸ். டிக்கை எடுக்காம ஃபைலை மட்டும் டெலீட் பண்ணா, எக்செல் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஃபைலைக் காணோம்னு புலம்பும். காரணம், ரெஜிஸ்ட்ரியில எக்செல் ஆப்ஷன்ஸ் கீழே ஓப்பன், ஓப்பன்1-னு அந்தப் பாதை அப்படியே நிக்கும். ஆபீஸ் லேப்டாப்னா ரெஜிஸ்ட்ரியில கை வைக்காதீங்க, ஐடி ஆளைக் கூப்பிடுங்க. எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. அதுல கிடக்கிற எந்த ஃபைலும் டிக் இல்லாமலே தானா திறக்கும்.

இதோட முடியலை. பழைய ஷீட்ல இருக்கிற ஃபார்முலா பழைய ஆட்-இன்னோட முழுப் பாதையைப் பிடிச்சு வச்சிருக்கலாம். டேட்டா டேப்ல லிங்க்ஸ் போய் சோர்ஸை மாத்தணும். இந்தத் தொல்லை வேண்டாம்னா ஃபைல் பேர்ல வருஷம் போடாதீங்க. "டேக்ஸ்2425", "டேக்ஸ்2526"னு வைக்காம எப்பவும் ஒரே பேர், ஒரே ஃபோல்டர். வெர்ஷனைக் கோடுக்குள்ள எழுதி, அந்த வெர்ஷனையும் ஃபைலோட முழுப் பாதையையும் திருப்பித் தர்ற ஒரு குட்டி ஃபங்ஷன் சேருங்க. ஒவ்வொரு பேரோல் ஷீட்லயும் மேல் செல்லில் அது தெரியட்டும். பழைய வெர்ஷனை ஜிப் பண்ணி வைங்க, தூக்கிப் போடாதீங்க. 2024-25 கணக்குக்கு நோட்டீஸ் வந்தா அந்த ஸ்லாப்தான் வேணும்.

டாட்நெட்ல எழுதின காம் ஆட்-இன் வேற ரகம். ரெஜ்ஆஸம் வச்சுப் பதிவு பண்ணியிருந்தா, அதே ரெஜ்ஆஸம்ல அன்ரெஜிஸ்டர் பண்ணின பிறகுதான் டிஎல்எல்-லை அழிக்கணும். 32 பிட்டா 64 பிட்டான்னு பார்த்து அதுக்கான ரெஜ்ஆஸத்தையே ஓட்டுங்க.

டேலி பிரைம்ல டிடிஎல் போட்டவங்களுக்கு: எஃப்1, டிடிஎல்ஸ் அண்ட் ஆட்-ஆன்ஸ், லோக்கல் டிடிஎல் லிஸ்ட்ல இருந்து அந்தப் பாதையை எடுத்தா டிடிஎல் லோட் ஆகாது. ஆனா அது யுடிஎஃப் வழியா வவுச்சர்ல சேமிச்ச தகவல் கம்பெனி டேட்டாவுக்குள்ளயே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. அதே யுடிஎஃப் நம்பரை அடுத்த டிடிஎல்-ல வேற ஃபீல்டுக்குக் கொடுத்தீங்கன்னா பழைய லாரி நம்பர் புது ஃபீல்டுல வந்து உட்காரும். சோதனைக்கு எப்பவும் கம்பெனி டேட்டாவோட பேக்கப் காப்பியைத்தான் பயன்படுத்தணும். ஸ்கிரீன் ஸ்கிரீனா இந்த வார வீடியோவுல காட்டியிருக்கேன்.