ஜப்பானின் பனிக்கிராமத்தில் குடியேறலாமா?

ஜப்பானில் கிராமத்து வீடுகளைச் சும்மா கொடுக்கிறார்களாம் என்று சொல்லும் வீடியோக்கள் தமிழிலும் வந்துகொண்டே இருக்கின்றன. பனி மூடிய கூரையும் மர வீடும் பார்க்க அழகுதான். வேலையோடு போக நினைக்கும் இளையவர்களும் ஆசைப்படுகிறார்கள். ரிட்டயர் ஆனபின் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்களும் ஆசைப்படுகிறார்கள். பனிப்பகுதி இந்த இரு தரப்பையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

நம்பிக்கை: வீட்டை வாங்கிவிட்டால் அங்கேயே இருந்துவிடலாம்.

2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. வெளிநாட்டவர் வாங்கத் தடையில்லை. ஆனால் வீட்டுப் பத்திரம் விசா ஆகிவிடாது. ஓய்வுக்காலத்துக்கென்று தனி விசாவே அந்த நாட்டில் கிடையாது. வேலை, தொழில், குடும்பம் என்று வேறொரு காரணம் வேண்டும்.

ஜப்பானியர்களுக்கே வெளியூரில் குடியேறுவதற்கான உதவித்தொகை பெரும்பாலும் வேலையை ஒட்டித்தான் வருகிறது. டோக்கியோவின் 23 வட்டங்களை விட்டு வெளியூர் போகும் குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரை கிடைக்கும். குழந்தை இருந்தால் அதற்கு மேலும் உண்டு. அங்கே வேலையில் சேர வேண்டும், தொழில் தொடங்க வேண்டும், அல்லது இருந்த வேலையை ஆன்லைனில் தொடர வேண்டும். 3 ஆண்டுக்குள் கிளம்பினால் முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். பென்ஷனோடு வருபவரை மனதில் வைத்துப் போட்ட திட்டம் இல்லை இது.

நம்பிக்கை: பனி அதிகமென்றால் குளிரும் கொடுமையாக இருக்கும்.

நீகாத்தா மாநிலத்துத் தொகாமச்சியில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. சைபீரியக் காற்று ஜப்பான் கடலின் வெதுவெதுப்பான நீரோட்டத்தின் மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலையில் மோதிக் கொட்டுகிறது. பக்கத்து ஊரான சுனானில் 2006இல் நின்ற பனியின் உயரம் 4 மீட்டரைத் தாண்டியது. குளிர் கடுமையாக இல்லாததால் அந்தப் பனி ஈரமானது, கனமானது. சிக்கலே அதில்தான் ஆரம்பிக்கிறது.

நம்பிக்கை: பனி வாருவது நல்ல உடற்பயிற்சி; முடியாவிட்டால் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

650 சதுர அடிக் கூரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு மீட்டர் பனி படிந்து இறுகினால் எடை ஏறக்குறைய 18 டன். சரக்கேற்றிய இரண்டு லாரியைத் தலைக்கு மேல் நிறுத்தியது போல. அதை இறக்காவிட்டால் கதவு இறுகிக்கொள்ளும், உத்தரம் வளையும். ஒரு குளிர்காலத்தில் பலமுறை ஏணி வைத்து ஏற வேண்டியிருக்கும். கூரையிலிருந்து சறுக்கி விழுகிறார்கள். மேலே தளர்ந்த பனி சரிந்து கீழே நிற்பவரை மூடுகிறது. பனியைத் தள்ளிவிடும் வாய்க்காலில் விழுந்தும் உயிர் போகிறது. 2005-06 குளிர்காலத்தில் பனியால் இறந்தவர்கள் 152 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 65 வயதைக் கடந்தவர்கள். பனி வாரும்போது நேர்ந்த சாவுகளே மிகுதி. துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக ஏறியவர் விழுந்தால் யாருக்கும் தெரிவதில்லை. கூட ஒருவர் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர்கள் இவை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆள் வைப்பது இருக்கட்டும், ஆள் எங்கே? கிராமத்தில் கூரை ஏறும் கூலிக்காரருக்கே வயதாகிவிட்டது. பெரும்பனி கொட்டும் நாளில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்படுகிறது. தெருப்பனியை இயந்திரம் விடியுமுன் ஒதுக்கிவிடும். ஒதுக்கிய பனி உங்கள் வாசலில் வரப்பாகக் குவிந்திருக்கும், அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வாய்க்காலில் பனி கொட்டவும் தெருவுக்குத் தெரு முறைநேரம் உண்டு. முறை தவறிக் கொட்டினால் நீர் அடைத்து அடுத்த வீட்டுக்குள் புகும். இளைஞர் ஒருவர் குடிவந்தால் இந்த வேலைகளுக்கு ஊருக்கு ஒரு கை கூடுகிறது, அவருக்கும் சீக்கிரம் நாலு பேர் பழக்கமாகிறார்கள். எழுபது வயதில் வருபவருக்கோ முதல் நாளிலிருந்தே அடுத்தவர் கை தேவைப்படுகிறது.

நம்பிக்கை: வடக்கே போகப் போக முதியவர்களுக்கு ஆபத்து.

2014ஆம் ஆண்டின் இறப்புக் கணக்கைப் பார்த்தால், குளிர்காலத்தில் சாவு கூடும் விகிதம் மிகக் குறைவாக இருந்தது வடகோடி ஹொக்கைடோவில்தான். மிக அதிகம், டோக்கியோவுக்குச் சற்று வடக்கே உள்ள தொச்சிகியில். ஹொக்கைடோ வீடுகளில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் சூடு காக்கும் சுவரும் சாதாரணம். பழைய கிராமத்து வீட்டிலோ கூடத்தில் மட்டும் ஹீட்டர். குளியலறை உறைந்து கிடக்கும். அங்கே உடை களைந்து கொதிக்கும் தொட்டியில் இறங்கும்போது ரத்த அழுத்தம் தடுமாறுகிறது. தொட்டியில் மூழ்கி இறக்கும் ஜப்பானிய முதியவர்கள் சாலை விபத்தில் இறப்பவர்களைவிட அதிகம். வீடு பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குளியலறைச் சுவரை.

நம்பிக்கை: அப்படியானால் ஓய்வுபெற்றவர் பனிப்பகுதிப் பக்கமே போகக்கூடாது.

போகலாம். நீகாத்தாவின் யுசாவாவில் 1980களின் பிற்பகுதியில் ஸ்கீ மோகத்தில் கட்டிக் குவித்த அடுக்குமாடிகள் இருக்கின்றன. புல்லட் ரயில் நிலையம் பக்கத்திலேயே. கூரையையும் வாசலையும் நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். கார் ஓட்டுவதை நிறுத்தினாலும் கடைக்கு நடந்துவிடலாம். ஓய்வுபெற்ற பலர் அங்கே நிரந்தரமாகவே தங்கிவிட்டார்கள். சில வீடுகள் 1 லட்சம் யென்னுக்கே விலைக்கு வருகின்றன. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன பாக்கியும் சட்டப்படி வாங்குபவர் தலையில் விழும். அந்த ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பல ஊராட்சிகள் குறைந்த வாடகையில் சில நாள் தங்கிப் பார்க்க வீடு தருகின்றன. இலை சிவக்கும் அக்டோபரில் போகாதீர்கள். பிப்ரவரியில் போய், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு காலை பனி வாரிப் பாருங்கள்.