துறவியர் மலைக்குப் போகும் பிள்ளைக்கு

ரகு,

கிரேக்க நாட்டு அதோஸ் மலைக்குக் கோடையில் தனியாகப் போய், தாஃப்னித் துறையில் இறங்கி, சிமோனோபெட்ரா மடம் முதல் புனித பவுல் மடம் வரையுள்ள கடலோரப் பாதையை ஒரே பகலில் நடந்து முடிக்கப் போவதாக நீ எழுதியிருந்ததை உன் அம்மா காட்டினாள். நீ வயது வந்தவன், தீர்மானம் உன்னுடையது. ஆயினும் என் தம்பி இருந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருக்கக்கூடியவற்றை நான் சொல்லாமல் விடுவது தர்மமாகாது.

அந்தப் பாதை கோவேறு கழுதைகளுக்காகக் கல் பாவிய பழைய பாதை. கடலுக்கு மேலே பாறை உச்சியில் நிற்கும் சிமோனோபெட்ராவிலிருந்து அலையோரத்துக் கிரிகோரியூ மடம்வரை செங்குத்தாக இறங்கி, இறங்கிய உயரத்தையெல்லாம் மறுபடி ஏறி, பள்ளத்தாக்குகளைக் கடந்து தியோனிசியூவை அடைந்து, அதன் பின்னும் ஏறி இறங்கினால்தான் பவுல் மடம் வரும். தென்மேற்கு நோக்கிய சரிவாதலால் பிற்பகல் வெயில் முழுவதும் முகத்தில் அடிக்கும். பெரும்பாலான மடங்களில் சூரியாஸ்தமனமே பன்னிரண்டு மணி. அப்போது வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால், உன் கைக்கடிகாரத்தை நம்பித் தாமதித்தாயானால் இருட்டில் பாறை விளிம்பில் நிற்க நேரும். கிரிகோரியூவில் முன்கூட்டியே இடம் கேட்டுத் தங்கி இரண்டு நாளில் நடக்கலாம். அல்லது நீ நினைத்தபடியே செய்யலாம். எது உன் இஷ்டமோ அதைச் செய். முதலாவதைச் செய்தால் உன் அம்மா இரவில் உறங்குவாள்.

இதைவிட என் மனத்தை உறுத்துவது, வழியெல்லாம் துறவிகளைப் படம் பிடித்து வருவேன் என்று நீ எழுதியிருக்கும் வரி. பாட்டி காலமான அன்று நடந்ததை நீ அறிவாய். துக்கம் கேட்க வந்தவர்போல் கூடத்தில் நுழைந்த ஒரு மனிதர், எங்களில் ஒருவரையும் கேளாமல், அவளை நீராட்டிக் கிடத்தியிருந்த நிலையில் படம் பிடித்துப் போனார். சில மாதங்களுக்குப் பின் ஒரு பத்திரிகையில் அது கிராமத்துச் சடங்கு என்ற தலைப்போடு வெளிவந்தது. அவள் பெயர்கூட அதில் இல்லை. உன் அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பிலிட்டான். ஆயினும் எத்தனையோ வீடுகளில் அது இருந்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. பிறர் தவத்தையும் துக்கத்தையும் அவர் சம்மதமின்றிக் கவர்ந்து செல்வது களவேயன்றி வேறல்ல.

963-ஆம் ஆண்டில் பெரிய லாவ்ரா மடம் தோன்றியது முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் துறவிகள் பழைய ஜூலியன் நாட்காட்டியையே அனுசரித்து, இன்று உலகத்துக்கு 13 நாள் பின்தங்கி நிற்பது, நாம் வந்து வேடிக்கை பார்ப்பதற்காக அன்று. இருபது மடங்கள் உள்ள அவ்விடத்தில், அவர்கள் திருச்சபையைச் சேராதோருக்கு நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கே அனுமதி. துறவிகளை அவர்கள் அனுமதியின்றிப் படமெடுப்பதும் கடலில் நீராடுவதும் கூடாது. ஸ்திரீகளுக்குப் பிரவேசமே இல்லையென்பதில் உன் தங்கைக்குள்ள வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் விருந்தாளியாக வாசலில் நின்று அந்த வாதத்தைத் தொடங்குவது முறையன்று. வழிபாட்டின்போது வெளி மண்டபத்தில் நில் என்றால் நில். லுக்குமி என்னும் இனிப்பும் நீரும் மதுவும் வைத்து உபசரிப்பார்கள். மது வேண்டாவிட்டால் வணங்கி மறு.

மடங்களின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக 1963-இல் தாஃப்னியிலிருந்து மலையின் தலைநகர் கரியேஸுக்கு முதல் மோட்டார் சாலை போட்டார்கள். அதன் பின் போட்ட சாலைகள் பழைய நடைபாதைகள் பலவற்றை விழுங்கிவிட்டன. எஞ்சியிருக்கும் பாதையில் நடக்கக் கிடைப்பது பெரும் பாக்கியம். அதைக் கடிகாரத்தோடு பந்தயம் ஓடி வீணாக்காதே.

இவ்வளவு எழுதியது கோபத்தால் என்று எண்ணிவிடாதே. கால் வலிமையிலும் மனத் துணிவிலும் உன்னைப் போன்ற பிள்ளை நம் வம்சத்திலேயே இல்லையென்று நேற்றுக்கூட உன் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல காலணி வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன், விலை பார்க்காதே. பெரியம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் தனியே அனுப்புகிறாள். உனக்கு எந்த வழி சரியென்று படுகிறதோ அந்த வழியே போ. நான் சொன்னவற்றை மறந்தாலும் குற்றமில்லை. திரும்பி ஊரானூபொலித் துறையில் படகிறங்கியதும், வேறெதுவும் செய்வதற்கு முன், உன் அம்மாவுக்கு ஒரு போன் செய்.

என்றும் உன் நலம் நாடும்,
பெரியப்பா